கத்தி, பன்றி, கால் மணி நேரம்

மணி மூணே கால் என்பதைச் சீனத்தில் ‘சான் தியென் யீ கெ’ என்பார்கள். சான் என்றால் மூன்று, தியென் என்றால் மணி, யீ என்றால் ஒன்று. இந்த ‘கெ’ என்ன என்று அகராதியைப் புரட்டினால் முதல் பொருளே ‘செதுக்கு’ என்று போட்டிருக்கும். ஆக, மூணே கால் என்பது மூன்று மணி ஒரு செதுக்கல். மூணே முக்கால் மூன்று மணி மூன்று செதுக்கல். சீனம் படிக்க ஆரம்பித்த புதிதில் இந்த இடத்தில்தான் நான் முதல் தடவை புத்தகத்தை மூடி வைத்தேன். சரி, மணிக்கு மட்டும்தான் இந்தக் கூத்து என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போனால் ‘உடனே’ என்ற சொல்லில் அதே எழுத்து, ‘ஆழமான’ என்பதில் அதே எழுத்து, ‘விழுந்து விழுந்து படிக்கிறான்’ என்பதில், ‘ஈவிரக்கம் இல்லாத ஆள்’ என்பதில், சிடி எழுதுவதில், கடைசியில் சிப் தயாரிக்கும் மெஷினின் பெயரில்கூட அதே எழுத்து.

பாடப்புத்தகங்கள் இதை ஆறேழு தனித்தனி அர்த்தமாகப் பிரித்து நம்பர் போட்டு வைத்திருக்கின்றன. அப்படி மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும் (எனக்கு மறந்தது). என்னைக் கேட்டால் இதற்கு அர்த்தம் ஒன்றுதான். மரத்தில் கத்தியால் ஒரு கோடு கீறுகிறீர்கள், அந்தக் கோடு அழியாது. மற்றதெல்லாம் அந்தக் கோட்டிலிருந்து கிளைத்தவை.

முதலில் உச்சரிப்பைப் பார்த்துவிடுவோம். வசதிக்காகத்தான் ‘கெ’ என்று எழுதுகிறேன், உண்மையில் அது எகரம் இல்லை. ‘பாக்கு’ என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒரு அரைகுறை உகரம் வருகிறதல்லவா, அதைக் கொஞ்சம் வாயைத் திறந்து, மூச்சுக்காற்றை வெளியே தள்ளிச் சொன்னால் கிட்டத்தட்ட சரியாக வரும். தொனி நான்காவது தொனி. ஒரு பையனை அதட்டுகிற மாதிரி மேலிருந்து சட்டென்று கீழே விழ வேண்டும்.

எழுத்துக்கு மொத்தம் 8 கோடுகள். இடது பக்கம் ஆறு, வலது பக்கம் இரண்டு. வலது பக்கத்தில் குட்டையாக ஒரு நேர்கோடும், அதற்குப் பக்கத்தில் அடியில் கொக்கி வைத்த ஒரு நீளக் கோடும் இருக்கும். இது கத்தி. தனி எழுத்தாக வரும்போது கத்தியின் வடிவம் வேறு, இன்னொரு எழுத்தின் வலது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும்போது இப்படி விறைப்பாக நிற்கும், அதனால் இதற்கு ‘நிற்கும் கத்தி’ என்றே பெயர். இடது பக்கத்தில் மேலே ஒரு புள்ளி, அதன் கீழே ஒரு படுக்கைக்கோடு, அதற்கும் கீழே சரிந்து சரிந்து இறங்கும் நாலு கோடுகள். இதைத் தனியாக ‘ஹாய்’ என்று படிக்க வேண்டும். சீனப் பஞ்சாங்கத்தில் வரும் பன்னிரண்டு கிளைகளில் கடைசிக் கிளை இது, ஆண்டுகளில் பன்றி ஆண்டு, நாளில் இரவு 9 மணியிலிருந்து 11 மணி வரை.

அப்போ பன்றியைக் கத்தியால் வெட்டுவதுதான் செதுக்குவதா? இப்படிக் கதை கட்டி எழுத்து சொல்லிக்கொடுக்கும் வீடியோக்கள் ஏராளம், கேட்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பன்றிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. கி.பி. 100 வாக்கில் ஷு ஷென் என்பவர் தொகுத்த ‘ஷுவோவென்’ என்ற பழைய அகராதி இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறது: பொருள் கத்தியிலிருந்து, ஒலி ஹாயிலிருந்து. சீன எழுத்துகளில் பெரும்பாலானவை இப்படித்தான் உருவானவை. ஒரு பாதி எதைப் பற்றியது என்று சொல்லும், மறு பாதி எப்படிப் படிப்பது என்று சொல்லும்.

ஹாய் எங்கே, கெ எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இரண்டாயிரம் ஆண்டுகளில் பேச்சொலி நகர்ந்துவிட்டது, எழுத்து நின்ற இடத்திலேயே நிற்கிறது. இதே ஹாயை ஒலிக்காக வைத்துக்கொண்ட மற்ற எழுத்துகளை வரிசையாக வைத்தால் நகர்ந்த தடம் தெரியும்: குழந்தை என்பது ஹாய், இருமல் கெ, கொட்டை அல்லது பருப்பு ஹெ, ‘வேண்டும்’ என்பது காய். ஹ-வும் க-வும் மாறி மாறி வருகின்றன. கான்டனீஸில் நம் எழுத்தை இன்றும் ‘ஹக்’ என்றுதான் படிக்கிறார்கள், ஜப்பானியர்கள் ‘கொகு’ என்கிறார்கள், கொரியர்கள் ‘கக்’ என்கிறார்கள். வார்த்தை முடிவில் பழைய காலத்தில் ஒரு ‘க்’ இருந்தது, வடக்குச் சீனர்கள் அதை விழுங்கிவிட்டார்கள், மற்றவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கொரிய சீரியல் பார்க்கிறவர்களுக்கு ‘சிகக்’ என்ற சொல் காதில் விழுந்திருக்கும். வகுப்புக்கோ ஆபீஸுக்கோ லேட்டாக வருவது. அந்தக் கடைசி ‘கக்’ இந்த எழுத்துதான்.

அந்தக் கத்தி வேறு எங்கெல்லாம் நிற்கிறது என்று பார்த்தால் இந்த எழுத்தின் உலகம் இன்னும் நன்றாகப் புரியும். ‘நீக்கு’ என்பதற்கான எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு போனில் ஒரு படத்தை நீக்கும்போதும் சீனர்கள் தொடும் எழுத்து அதுதான். அதன் இடது பக்கம் கயிற்றால் கட்டிய மூங்கில் சிம்புகள், வலது பக்கம் கத்தி. காகிதம் வருவதற்கு முன் மூங்கில் சிம்பில் தூரிகையால்தான் எழுதினார்கள், தப்பாக எழுதினால் கத்தியால் சீவி எடுத்துவிட்டு அதே இடத்தில் மறுபடி எழுத வேண்டும். அதனால் அரசாங்க எழுத்தர்களுக்கு ‘கத்தி-தூரிகை ஆட்கள்’ என்று பெயரே இருந்தது. பத்திரிகையைக் குறிக்கும் ‘கான்’ என்ற எழுத்திலும் கத்தி உண்டு, மாத இதழ் என்றால் யுவே-கான். மரத்தை வெட்டிச் செதுக்கிய காலத்தின் மிச்சம் அது.

செதுக்குவதற்கு மட்டும் சீனத்தில் எத்தனை சொற்கள்! ‘எர்யா’ என்று ஒரு பழைய நூல், சொற்களை வகை பிரித்துச் சொல்வது. அதில் ஒரு வரி வருகிறது: உலோகத்தில் செய்தால் லோ, மரத்தில் செய்தால் கெ, எலும்பில் சியே, தந்தத்தில் சுவோ, மாணிக்கக்கல்லைப் போல அவர்கள் கொண்டாடும் பச்சைக்கல்லில், தமிழில் எழுதினால் சுவோ என்றே வந்தாலும் சீனத்தில் ஒலி வேறான இன்னொரு எழுத்து, சாதாரணக் கல்லில் மோ. நம் ஊரில் தச்சர் இழைப்பார், கல்தச்சர் கொத்துவார், பாத்திரக்கடைக்காரர் பெயர் பொறித்துக் கொடுப்பார், கடைசல்காரர் கடைவார் என்று ஆளுக்கொரு வினைச்சொல் இருக்கிற மாதிரிதான். இந்தப் பட்டியலில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, நம் கெ மரத்துக்கு உரியது. இரண்டு, எலும்பும் தந்தமும் சேர்ந்து ‘சியேசுவோ’ ஆகி இன்று ‘ஒருவரோடு ஒருவர் மோதிப் பார்த்துக் கற்றுக்கொள்வது’ என்ற பொருளில் வருகிறது. குங்ஃபூ படத்தில் ஒரு வீரர் இன்னொருவரைக் கைகூப்பிச் சண்டைக்கு அழைக்கும்போது சொல்வது இதைத்தான். பச்சைக்கல்லும் சாதாரணக் கல்லும் சேர்ந்த சொல் ‘யோசித்து யோசித்துப் பார்ப்பது’ என்று ஆகிவிட்டது. பட்டறைச் சொற்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டன.

‘தியாவ்’ என்று இன்னொரு செதுக்கல் எழுத்து இருக்கிறது, சிற்பம் என்பதற்குத் தியாவ்-கெ என்று சேர்த்துச் சொல்வார்கள். பகலில் தூங்கிய சீடனைப் பார்த்து, ‘உளுத்துப்போன மரத்தில் சிற்பம் செதுக்க முடியாது’ என்று கன்ஃபூசியஸ் திட்டினாரே, அங்கே வருவது இந்தத் தியாவ்தான். வேடிக்கை என்னவென்றால் இன்று எழுதும் வடிவத்தில் அதற்குள் கத்தியே கிடையாது, ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது. அது கழுகைக் குறிக்கும் எழுத்து. ஒலி ஒன்றாக இருக்கிறதென்று செதுக்கலுக்குக் கடன் வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

இப்போது மரத்துக்கு வருவோம், ஏனென்றால் கெ-யின் பெரிய வாழ்க்கை மரப்பலகையில்தான் கழிந்தது.

அச்சுப் பலகை செய்ய பேரி மரமும் இலந்தை வகை மரமும் பிடித்தமானவை. நார் மெல்லியதாக, எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வெட்டக்கூடியதாக இருக்கும். எழுதுபவர் மெல்லிய காகிதத்தில் பக்கம் முழுவதையும் தூரிகையால் எழுதுவார். அந்தக் காகிதத்தைத் தலைகீழாக, மை பலகையில் படும்படி ஒட்டுவார்கள். காய்ந்ததும் பின்பக்கத்தை விரலால் தேய்த்துத் தேய்த்து உரித்தால் எழுத்து மட்டும் கண்ணாடி பிம்பமாகப் பலகையில் நிற்கும். அப்புறம்தான் கத்தி. செதுக்குபவர் எழுத்தைத் தொடுவதில்லை, எழுத்து இல்லாத இடத்தையெல்லாம் எடுத்துவிடுகிறார். மை தடவி, காகிதத்தை மேலே போட்டு, பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்தால் பக்கம் தயார். 868-ம் ஆண்டு வாங் ஜியே என்பவர் தன் பெற்றோர் பெயரில் புண்ணியத்துக்காக அச்சடித்து வழங்கிய வஜ்ரச்சேதிகா சூத்திரம் என்ற பௌத்த நூல் இப்படி வந்ததுதான். தேதி போட்ட அச்சு நூல்களில் நம்மிடம் இருப்பவற்றுள் மிகப் பழையது, துன்ஹுவாங் குகையிலிருந்து போய் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. நான்ஜிங்கில் 1866-ல் தொடங்கிய ஒரு பௌத்தப் பதிப்பகத்துக்குப் பெயரே ‘சூத்திரம் செதுக்கும் இடம்’. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பலகைகள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன, இன்றும் கையால் செதுக்கி கையால் அச்சடிக்கிறார்கள். பதிப்பித்தல் என்பதே அங்கே நீண்ட காலம் கெ-தான், ‘இந்தப் புத்தகம் சுங் கால கெ’ என்றால் சுங் அரச வம்சக் காலப் பதிப்பு என்று பொருள்.

தண்டப் புத்தகம் போடுகிறவர்களைக் கிண்டல் செய்ய ஒரு மரபுத்தொடர் உண்டு: ‘பேரிக்கும் இலந்தைக்கும் பிடித்த கேடு’. இதற்காகப் போய் இரண்டு மரத்தை வெட்டினார்களே என்ற வயிற்றெரிச்சல். நமக்கு இதற்கு ஈடாக ஒன்று இல்லாதது பெரிய குறை.

இந்தப் பலகையிலிருந்து வந்த சொல் கெபான், அதாவது செதுக்கிய பலகை. ஒரு தடவை வெட்டிவிட்டால் மாற்ற முடியாது, ஆயிரம் பிரதி எடுத்தாலும் ஆயிரமும் ஒரே மாதிரி. அதனால் கெபான் என்றால் விறைப்பான, வளைந்துகொடுக்காத, எப்போதும் ஒரே மாதிரி பேசுகிற ஆள். மதராசி என்றால் இட்லி சாம்பார் என்று ஒரு கூட்டத்தையே ஒரே அச்சில் வார்த்துப் பேசுவதைக் ‘கெபான் எண்ணப்பதிவு’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் இதைச் சொல்லும் ஸ்டீரியோடைப் என்ற சொல்லும் அச்சகத்தில் ஈயத்தில் வார்த்த முழுப்பக்கத் தகட்டின் பெயர்தான், 1922-க்குப் பிறகுதான் சமூகவியல் பொருளில் பரவியது. இரண்டு ஊர், இரண்டு தொழில்நுட்பம், ஒரே புகார்.

கல்லிலும் செதுக்கினார்கள். எர்யா என்ன சொன்னாலும் ஷிகெ, அதாவது கல்-செதுக்கல், நிலைத்துவிட்ட சொல். பெய்ஜிங்குக்குத் தென்மேற்கே ஃபாங்ஷானில் சுய் வம்சக் காலத்தில் ஜிங்வான் என்ற துறவி சூத்திரங்களைக் கல்லில் வெட்ட ஆரம்பித்தார். உலகம் அழியும் காலத்தில் ஓலையும் காகிதமும் போய்விடும், கல் நிற்கும் என்பது கணக்கு. அவருக்குப் பின்னாலும் நூற்றாண்டுக் கணக்கில் வேலை நடந்து 14,000-க்கும் மேற்பட்ட பலகைக்கற்கள் சேர்ந்தன. தமிழும் இந்த வகைக் கல்லில் ஏறியிருக்கிறது. கடற்படைத் தளபதி செங் ஹெ இலங்கையின் காலித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்த கல்லில் 1409 என்று தேதி இருக்கிறது, அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனப் பகுதி புத்தருக்கு, பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கு, தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கு என்று காணிக்கையைப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். 1911-ல் காலியில் கிடைத்தது, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, மணிக்கு எப்படி வந்தது?

நீர்க்கடிகாரத்தின் பெயர் லோ-கெ. லோ என்றால் ஒழுகுதல், கெ என்றால் கீறல். மேல் பாத்திரத்திலிருந்து தண்ணீர் கீழ்ப் பாத்திரத்தில் சொட்டும். கீழ்ப் பாத்திரத்தில் ஒரு மிதவை, மிதவையின் மேல் ஒரு மரக்குச்சி, குச்சியில் வரிசையாகக் கோடுகள் கீறியிருக்கும். தண்ணீர் ஏற ஏறக் குச்சி மூடியின் துளை வழியாக மேலே எழும்பும், மூடி விளிம்பில் எந்தக் கோடு நிற்கிறதோ அதுதான் நேரம். சிக்கல் என்னவென்றால் மேல் பாத்திரத்தில் தண்ணீர் குறையக் குறைய அழுத்தம் குறைந்து சொட்டும் வேகமும் குறையும். அதனால் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல பாத்திரங்களை அடுக்கி, மேலே உள்ளது கீழே உள்ளதை எப்போதும் நிரப்பிக்கொண்டே இருக்கும்படி செய்தார்கள். குவாங்சோவில் 1316-ல் செய்த செம்புக் கடிகாரம் நாலு அடுக்கு.

ஒரு பகல் ஒரு இரவுக்கு மொத்தம் 100 கோடுகள். குளிர்கால உச்சத்தில் பகலுக்கு 40, இரவுக்கு 60, கோடை உச்சத்தில் அப்படியே தலைகீழ். ஒரு கெ என்பது இன்றைய கணக்கில் 14 நிமிடம் 24 விநாடி. நமக்கு நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம், ஆக சரியாக 5 கெ போட்டால் 3 நாழிகை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏனோ ஒரு அற்ப சந்தோஷம்.

ஆனால் சீனர்களுக்கு இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது, நாளைப் பன்னிரண்டு பெரும்பொழுதாகப் பிரிப்பது (நம் பன்றிப் பொழுது அதில் ஒன்று). 100-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் எட்டும் மூன்றில் ஒரு பங்கும் வரும். பஞ்சாங்கக்காரர்களுக்கு இது காலம் காலமாகத் தலைவலி. லியாங் வம்சத்துப் பேரரசர் வூ 507-ல் 96 ஆக்கிப் பார்த்தார், 544-ல் 108 ஆக்கினார், அவருக்குப் பின் மறுபடி 100-க்கே திரும்பிவிட்டார்கள். கடைசியில் 1645-ல், மஞ்சூக்கள் ஆட்சிக்கு வந்த கையோடு, ஆடம் ஷால் என்ற ஜெர்மன் ஜெசூட் பாதிரியார் தயாரித்த புதிய பஞ்சாங்கம் 96-ஐ நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 96-ஐ 24 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு நாலு, ஒன்று 15 நிமிடம். ‘யீ கெ’ கால் மணி ஆனது அப்படித்தான்.

சும்மா ஆகவில்லை. 1664-ல் யாங் குவாங்சியான் என்பவர் ஷால் மீது புகார் கொடுத்தார். பாதிரியார்கள் சதி செய்கிறார்கள், அரச குடும்பத்து அடக்கத்துக்கு நாள் தப்பாகக் குறித்தார்கள் என்று நீண்ட பட்டியல். அதோடு தொன்றுதொட்டு வந்த 100 கெ-யை 96 ஆக்கிவிட்டார்கள் என்பதும் 1665-ல் வந்த தீர்ப்பில் எடுத்துச் சொல்லப்பட்டது. ஷாலுக்கு மரண தண்டனை. தீர்ப்பை ஒட்டி பெய்ஜிங்கில் நிலநடுக்கம் வர, வானமே கோபிக்கிறது என்று அவரை விட்டுவிட்டார்கள். ஆனால் அவரோடு வேலை பார்த்த ஐந்து சீன வானியலாளர்களின் தலை போய்விட்டது. ஷாலும் அடுத்த ஆண்டே இறந்துபோனார். 1669-ல் இன்னொரு ஜெசூட் பாதிரியார் வெர்பீஸ்ட் கணித்துக் காட்டி நிரூபித்த பிறகு புதிய பஞ்சாங்கமே திரும்பி வந்தது. மூணே கால் என்று இன்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் சொல்லுக்குப் பின்னால் ஐந்து உயிர் இருக்கிறது.

(ஹாங்காங்கில் இந்தச் சொல்லைக் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். அங்கே கால் மணியை ‘குவத்’ என்பார்கள், ‘எலும்பு’ என்ற எழுத்தைப் போட்டு எழுதுவார்கள். ஆங்கிலேயரின் ‘குவார்ட்டர்’ தேய்ந்து எலும்பானது. மூணே முக்கால் என்றால் மூன்று மணி மூன்று எலும்பு.)

நேரத்துக்கு வந்த கெ அங்கிருந்து பெருகியது. ‘இந்தக் கணம்’ என்பது சு-கெ, ‘சற்று நேரம்’ பியென்-கெ, ‘எந்நேரமும்’ என்பதற்கு ஷிஷி-கெகெ என்று இரட்டித்துச் சொல்வார்கள். ‘உடனே’ என்பது லி-கெ, லி என்றால் நில். நாம் ‘நின்ற நிலையில் புறப்பட்டான்’ என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த வாடைதான். அரசாங்க அறிக்கைகளுக்குப் பிடித்த தொடர் ‘ஒரு கெ கூடத் தாமதம் தாங்காது’. பழைய கதைகளிலும் சீரியல்களிலும் குற்றவாளியின் தலையை வெட்டுவது எப்போதும் உச்சிப்பொழுது மூன்றாம் கெ-யில்தான், வெயில் உச்சத்தில் இருந்தால் ஆவி திரும்பி வராது என்று நம்பிக்கை. இன்னொரு பக்கம் 11-ம் நூற்றாண்டுக் கவிஞர் சு ஷி வசந்த இரவின் ஒரு கெ ஆயிரம் பொன் பெறும் என்று பாடி வைத்துவிட்டுப் போனார், கல்யாண வீட்டுப் பேச்சில் அது இன்றைக்கும் ஓடுகிறது.

எல்லோருக்கும் தெரிந்த கெ-கதை ஒன்று உண்டு. கி.மு. 3-ம் நூற்றாண்டில் லூ புவெய் தொகுக்கச் செய்த நூலில் வருவது. சூ நாட்டுக்காரன் ஒருவன் படகில் ஆற்றைக் கடக்கிறான். இடுப்பு வாள் நழுவித் தண்ணீரில் விழுகிறது. அவன் பதறாமல் படகின் விளிம்பில் ஒரு கீறல் போட்டு, ‘என் வாள் விழுந்த இடம் இது’ என்கிறான். படகு கரையில் நின்றதும் அந்தக் கீறலுக்கு நேர் கீழே குதித்துத் தேடுகிறான். ‘படகில் கீறி வாள் தேடுவது’ என்பது இன்று நாலு எழுத்து மரபுத்தொடர், காலம் மாறியது தெரியாமல் பழைய சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்களுக்கு. மூல நூலே சட்டம் மாற வேண்டும் என்று வாதிடத்தான் இந்தக் கதையைச் சொல்கிறது. ஒரு சின்னத் தகவல்: மூலத்தில் இருக்கும் வினைச்சொல் கெ இல்லை, ‘சி’ என்ற வேறொரு எழுத்து. குச்சியில் வெட்டு போட்டு ஆளுக்குப் பாதியாகப் பிளந்து வைத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தின் எழுத்து அது, பால்காரர் சுவரில் கோடு போட்டுக் கணக்கு வைத்துக்கொண்ட மாதிரி. இன்று அதற்கு ஒப்பந்தம் என்ற பொருள்தான் மிஞ்சியிருக்கிறது, கீறுகிற வேலை பிற்காலத்தில் கெ-யின் கைக்கு வந்துவிட்டது.

வாள்காரனை எல்லோரும் முட்டாள் என்கிறார்கள். நீர்க்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டிலும் நடப்பது ஒன்றேதான்: தண்ணீரோடு நகரும் மரத்தில் ஒரு கீறல். கடிகாரத்தில் அது வேலை செய்கிறது, ஏனென்றால் நகராத மூடி விளிம்பு ஒன்று எதிரில் இருக்கிறது, அதை வைத்துத்தான் படிக்கிறோம். வாள்காரன் கரையில் ஒரு மரத்தையோ பாறையையோ பார்த்து வைத்திருந்தால் வாள் கிடைத்திருக்கும்.

அடுத்து மனிதர்கள் மேல் கத்தி. கெபோ என்றால் செதுக்கி மெலிதாக்குவது. எதிராளியைச் சீவிச் சீவி மெலிய வைக்கும் பேச்சுக்கும், வேலைக்காரருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் சீவுகிற முதலாளிக்கும் இந்தச் சொல். சீனத்தில் ஒரு ஆளைக் கெபோ என்றால் அது லேசான வசவு இல்லை. வரலாற்றாசிரியர் சிமா சியென் சின் நாட்டுச் சட்டங்களை இறுக்கிய அமைச்சர் ஷாங் யாங்கைப் பற்றி எழுதும்போது பிறவியிலேயே கெபோ ஆன மனிதர் என்று முத்திரை குத்துகிறார், இரண்டாயிரம் ஆண்டாக அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. கறாரான நிபந்தனைகளுக்குக் கெ-கெ (முதல் கெ வேறு எழுத்து).

அதே கத்தியைத் தன் மேலேயே திருப்பிக்கொண்டால் கெகு, கு என்றால் கசப்பு. பள்ளி ரிப்போர்ட்டில் ‘கெகு-வாகப் படிக்கிறான்’ என்று வந்தால் வீட்டில் இனிப்பு கிடைக்கும். கெயி என்பது மனதைச் செதுக்குவது, வேண்டுமென்றே மெனக்கெட்டுச் செய்வது. பழைய உரைநடையில் இதில் குற்றமில்லை, இன்றைய பேச்சில் ஜாக்கிரதை. ஒருவருடைய அலங்காரத்தையோ கவிதையையோ பார்த்து ‘ரொம்பக் கெயி’ என்றால் ‘செயற்கையாக இருக்கிறது, மெனக்கெட்டது அப்பட்டமாகத் தெரிகிறது’ என்று அர்த்தம். பாராட்டு என்று நினைத்து நான் ஒரு தோழியிடம் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஷென்கெ, அதாவது ஆழமாகச் செதுக்கியது, ஆழமான கருத்துக்கும் மறக்க முடியாத அனுபவத்துக்கும் வரும். நம் ‘இளமையில் கல்வி சிலைமேல் எழுத்து’ இதன் பக்கத்து வீடு. இதே இரண்டு எழுத்தை ஜப்பானில் ‘ஷின்கொகு’ என்றும் கொரியாவில் ‘ஷிம்கக்’ என்றும் படிப்பார்கள், ஆனால் அங்கே பொருள் ‘நிலைமை மோசம், சீரியஸ்’. ஜப்பானியச் செய்தித்தாளில் ‘ஷின்கொகுவான பிரச்சினை’ என்று பார்த்துவிட்டு ‘ஆழமான சிந்தனை போல’ என்று எடுத்துக்கொண்டால் கதை கந்தல்.

கெ-யின் கத்தி இன்று எங்கே நேரில் பார்க்கக் கிடைக்கிறது என்றால், முத்திரை வெட்டும் கடையில். நான் பார்த்த கடை ஒரு மேஜை, ஒரு விளக்கு, அவ்வளவுதான். என் பெயரை மூன்று சீன எழுத்தாக்கி, விரல் நீளக் கல்லின் அடியில் இடவலம் மாற்றி மையால் எழுதினார். கல்லை மரக் கவ்வியில் வைத்து ஆப்பு அடித்து இறுக்கினார். கத்தியைப் பென்சில் மாதிரி பிடித்துத் தள்ளிக்கொண்டே போனார், கல் சுண்ணாம்பு மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்தது, அவ்வப்போது பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டிவிட்டார். பத்து நிமிடத்தில் முடிந்தது, அவர் ஒரு தடவைகூடக் கண்ணாடியில் பார்க்கவில்லை. எழுத்தைக் குழித்தால் முத்திரையில் எழுத்து வெள்ளையாக விழும், எழுத்தைச் சுற்றிக் குழித்தால் சிவப்பாக விழும். முன்னதை யின்-கெ, பின்னதை யாங்-கெ என்பார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் சின்னம் ஞாபகம் இருக்கிறதா, சிவப்புப் பின்னணியில் வெள்ளையாக ஓடும் மனிதன்? அது முத்திரை வடிவம்தான். மைக்குழம்பில் கையை வைக்கப் போனேன், தடுத்துவிட்டார். சாதிலிங்கப் பொடி, மாசிப்பச்சை இனத்துச் செடியின் நார், ஆமணக்கெண்ணெய் மூன்றையும் சேர்த்துக் குழைத்தது, உடம்பில் பட்டால் லேசில் போகாது என்றார். சீனாவில் உட்கார்ந்து விளக்கெண்ணெய் என்று கேட்பேன் என்று நினைக்கவில்லை.

சிடி வந்த காலத்தில் நம் ஊர்க் கடைகளில் ‘சிடி ரைட் செய்து தரப்படும்’ என்று போர்டு இருந்தது, ஆங்கிலத்தில் அதை எரிப்பது என்றார்கள், சீனர்கள் யோசிக்காமல் ‘தட்டு செதுக்குவது’ என்று வைத்துக்கொண்டார்கள். பழைய ஷூ மாடலையோ விளையாட்டையோ மறுபடி வெளியிட்டால் ஃபு-கெ, மறுசெதுக்கல். கைக்கடிகார வியாபாரி கண்ணைச் சிமிட்டிக்கொண்டு ஃபு-கெ என்றால் டூப்ளிகேட்.

கடைசியாக, சில ஆண்டுகளாகச் சீனச் செய்திகளில் மிக அதிகம் அடிபடும் கெ: குவாங்-கெ-ஜி, ஒளி-செதுக்கல்-மெஷின். சிலிக்கன் சிப் மேல் சுற்றுகளை வரையும் இயந்திரம். மிக நுண்ணிய வகை 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியில் வேலை செய்கிறது, அதை நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் மட்டுமே விற்கிறது, சீனாவுக்கு அது போக அனுமதி இல்லை. அதனால் ஆட்டோ டிரைவர் முதல் ஆன்ட்டி வரை எல்லோருக்கும் இந்தச் சொல் தெரியும். மேற்கத்திய மொழிகளில் இந்தத் தொழில்நுட்பத்தின் பெயரில் ‘கல்லெழுத்து’ என்ற கிரேக்கச் சொல் ஒளிந்திருக்கிறது, தமிழில் பழைய லித்தோ அச்சுக்குக் கல்லச்சு என்றோமே, அதே வேர். சீனர்கள் அதை எடுத்துக்கொள்ளாமல் தங்கள் பழைய கத்தியையே நீட்டிவிட்டார்கள்.

கறாராகப் பார்த்தால் பெயர் தப்பு. ஒளி எதையும் செதுக்குவதில்லை. சிலிக்கன் மேல் பூசிய படலத்தில் ஒளி பட்ட இடம் குணம் மாறுகிறது, கழுவினால் அந்த இடம் போய்விடுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. பள்ளம் வெட்டுவது அடுத்த கட்டத்தில், வேறு இயந்திரத்தில், வினைபுரியும் வாயுக்களை வைத்து. அதன் பெயர் ஷி-கெ, அரித்துச் செதுக்குவது. பேரி மரப் பலகையில் ஒருவர் எழுதி ஒட்ட, இன்னொருவர் வெட்டிய அதே இரண்டு ஆள் வேலை.